மாதந்தோறும் புதிய நாவல்: தமிழில் பெண்கள் எழுதும் புனைவுகளைத் தவறவிடாமல் பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் பதிப்பகங்கள் தங்கள் புதிய புத்தகங்களைப் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் வெளியிடுகின்றன. எந்த நாவல் எந்தச் செவ்வாயன்று கடைக்கு வரும் என்பது பல மாதங்களுக்கு முன்பே வாசகர்களுக்குத் தெரிந்துவிடும். பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல்களுக்கென்றே மாதவாரியாகப் பட்டியல்கள் வருகின்றன. தமிழில் அப்படி ஓர் அட்டவணை இல்லை. நாவல் அச்சாகிக் கடைக்கு வந்த பிறகுதான் அது வந்திருப்பதே நமக்குத் தெரிகிறது. பெண்கள் எழுதும் நாவல்களுக்கு இந்த இருட்டு இன்னும் அடர்த்தி. குடும்ப நாவல் என்று ஒதுக்கப்படுபவற்றுக்கு நாளிதழ்களின் புத்தகப் பக்கத்தில் இடம் கிடைப்பது அரிது. இலக்கிய நாவல் எழுதும் பெண்களின் புத்தகங்களோ ஜனவரியில் மொத்தமாக வந்து குவியும் புத்தகங்களுக்கு நடுவே காணாமல் போகின்றன.

ஆனாலும் தமிழில் ஒரு நாவல் திடீரென்று வந்து குதிப்பதில்லை. புத்தகமாவதற்கு முன்பே அது எங்கோ ஓரிடத்தில் தடம் பதித்துவிடுகிறது. தொடராக ஓடியிருக்கும், இதழில் ஓர் அத்தியாயம் வந்திருக்கும், அல்லது பதிப்பகம் அட்டைப்படத்தைப் போட்டிருக்கும். அந்தத் தடங்களைக் கவனிக்கத் தெரிந்தால் நமக்கான அட்டவணையை நாமே போட்டுக்கொள்ளலாம். அதற்கான வழிமுறைதான் இந்தக் கட்டுரை.

முதல் படி: நாவல்கள் வரும் வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

தொடராக வந்து, வாசகரைப் பிடித்து, பிறகு புத்தகமாவது தமிழ்ப் பெண்களின் நாவலுக்கு நூறாண்டுப் பழக்கம். வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925-ல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். தம் நாவல்களைத் தாமே அதில் வெளியிட்டு, வாழ்நாளில் 115 நாவல்கள் எழுதினார். எழுத்தாளரும் ஆசிரியரும் பதிப்பாளரும் அவர் ஒருவரே. இன்று கைபேசிச் செயலியில் வாரம் இரண்டு அத்தியாயம் ஏற்றும் இல்லத்தரசியும், சொந்த இணையதளம் நடத்தும் எழுத்தாளரும் நடப்பது அவர் போட்ட பாதையில்தான். இந்த மரபைத் தெரிந்துகொண்டால், இணையத்தில் எழுதுபவர்களை ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் தானாகவே போய்விடும்.

இன்று நாவல்கள் வரும் வழிகள் நான்கு. ஒன்று, இணையத் தொடர்களும், அமேசானின் கிண்டிலில் வரும் மின்னூல்களும். ஒவ்வொரு மாதமும் தவறாமல் புதிதாக வருவது இந்த வழியில்தான். இரண்டாவது, குடும்ப நாவல் பதிப்பகங்களும் நாவல் இதழ்களும். ரமணிசந்திரனின் நாவல்களை வெளியிடும் அருணோதயம் போன்ற பதிப்பகங்களும், பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் ராணிமுத்து, கண்மணி போன்ற இதழ்களும் இதில் அடங்கும். மூன்றாவது, இலக்கியப் பதிப்பகங்கள். இவை எல்லாம் சென்னையில் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். காலச்சுவடு நாகர்கோவிலில் இருக்கிறது, எதிர் வெளியீடு பொள்ளாச்சியில், வம்சி திருவண்ணாமலையில். நான்காவது வழி மொழிபெயர்ப்பு. மலையாளம், கன்னடம், வங்காளம், இந்தியிலிருந்து வரும் பெண்களின் நாவல்களைத் தமிழ் வாசகர்கள் தங்கள் நாவல்களாகவே படித்து வந்திருக்கிறார்கள்.

நான்கையும் ஒரே மூச்சில் பின்தொடர முயன்றால் இரண்டு மாதத்தில் சலித்துவிடும். உங்களுக்குப் பிடித்த இரண்டு வழிகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எழுத்தாளர் பட்டியல் ஒன்று போடுங்கள்

பதிப்பகத்தைப் பின்தொடர்வதைவிட எழுத்தாளரைப் பின்தொடர்வதே பலன் தரும். ஒரு பதிப்பகம் ஆண்டுக்குப் பல புத்தகங்கள் வெளியிடும், அதில் நீங்கள் தேடும் நாவல் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். நீங்கள் ஏற்கெனவே படித்து, இவர் அடுத்து என்ன எழுதினாலும் வாங்குவேன் என்று சொல்லக்கூடிய எழுத்தாளர்கள் பத்துப் பேர் தேறினால் போதும். அவர்களோடு, இதுவரை நீங்கள் படிக்காத ஐந்து பேரைச் சேருங்கள். இந்த ஐந்து பேர்தான் முக்கியம். இவர்கள் இல்லாவிட்டால் உங்கள் வாசிப்பு பழைய வட்டத்துக்குள்ளேயே சுற்றும்.

அந்த ஐந்து பேரை எங்கே தேடுவது? உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யாருடைய நூலுக்கு முன்னுரை எழுதியிருக்கிறார், யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள். தமிழ்ப் புத்தகங்களின் ‘என்னுரை’ பக்கத்தில் எழுத்தாளர்கள் மனம் திறந்து எழுதுவார்கள். தொடரை வாராவாரம் படித்துக் கருத்துச் சொன்ன தோழிகள், பிழை திருத்தியவர், முதல் பிரதியைப் படித்தவர் என்று பெயர்கள் வரிசையாக வரும். அவர்களில் ஒருவராவது நாவல் எழுதுபவராக இருப்பார். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, கனடாவில் இருந்து எழுதுபவர்களில் ஒருவரையாவது அந்த ஐவரில் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையை மையமாக வைத்துச் சுழலும் பரிந்துரைகளில் அவர்கள் பெயர் அடிபடுவது குறைவு.

மூன்றாம் படி: இணையத் தொடரைச் சரியான நேரத்தில் பிடியுங்கள்

மாதந்தோறும் புதிது வேண்டும் என்பவர்கள் இந்தப் படியைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். இங்கே நேரம்தான் எல்லாம்.

அமேசான் 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2014-ல் பெங்களூருவில் தொடங்கிய பிரதிலிபி என்ற இணையத் தளம், எழுத விரும்பிய யாருக்கும் தமிழில் இடம் கொடுத்துவிட்டது. இவை இரண்டும், எழுத்தாளர்கள் தாங்களே நடத்தும் நாவல் தளங்களும் சேர்ந்து தமிழ்ப் பெண்களின் நாவல் உலகைத் தலைகீழாக மாற்றின. பதிப்பாளர் ஒருவர் தலையசைத்தால்தான் நாவல் வரும் என்ற நிலை போனது.

ஒரு தொடர் முடிந்த சில நாட்களில் தளத்திலிருந்து அத்தியாயங்கள் மறைந்துவிடுவதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். எழுத்தாளர் கைவிட்டுவிட்டார் என்று வருந்த வேண்டியதில்லை, நாவல் கிண்டிலுக்குப் போகிறது என்பதற்கான அடையாளம் அது. கிண்டில் அன்லிமிடெட் என்பது சந்தா கட்டி மின்னூல்களை இரவல் எடுத்துப் படிக்கும் வசதி. அதன் சந்தாதாரர்களுக்கு மின்னூலைத் தர வேண்டுமென்றால், எழுத்தாளர் கே.டி.பி. செலக்ட் என்ற திட்டத்தில் அதைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூல் வேறு எங்கும் மின்வடிவில் கிடைக்கக் கூடாது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை மாதிரியாக வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். முதல் சில அத்தியாயங்கள் மட்டும் தளத்தில் தங்கியிருப்பதற்குக் காரணம் இதுதான். இந்தியாவில் விற்கும் மின்னூலுக்கு 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றாலும் இதே திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும். சேராதவர்களுக்கு 35 சதவீதம்தான். ஆகவே பெரும்பாலோர் சேர்கிறார்கள். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, அது எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

இதிலிருந்து வாசகருக்குக் கிடைக்கும் பயன்கள் மூன்று. தொடர் முடியப்போகிறது என்று எழுத்தாளர் அறிவித்ததும் விட்டுப்போன அத்தியாயங்களை உடனே படித்து முடியுங்கள். தவறவிட்டால், அடுத்த சில வாரங்களில் கிண்டிலில் அதைத் தேடுங்கள். தொடராக ஓடியபோது இருந்த தலைப்பும் மின்னூலின் தலைப்பும் சில நேரம் வேறுபடும் என்பதால் எழுத்தாளர் பெயரைக் கொண்டே தேடுவது நல்லது. மூன்றாவது, இத்திட்டத்தில் இருக்கும் நூலை 90 நாட்களுக்குள் அதிகபட்சம் ஐந்து நாட்கள் எழுத்தாளர் இலவசமாகத் தரலாம். பிறந்தநாள், தீபாவளி, பொங்கல், மகளிர் தினம் போன்ற நாட்களில் இந்தச் சலுகையை எதிர்பார்க்கலாம். இலவச நாள் பற்றிய அறிவிப்பை எழுத்தாளரின் முகநூல் பக்கத்திலோ வாட்ஸ்அப் சேனலிலோ பார்க்கலாம்.

அமேசானில் எழுத்தாளர் பெயரைத் தொட்டால் அவர் பக்கம் திறக்கும், அங்கே ‘பின்தொடர்’ பொத்தான் இருக்கிறது. பிரதிலிபியிலும் அப்படியே. உங்கள் பட்டியலில் உள்ள பதினைந்து பேரையும் ஒரே அமர்வில் பின்தொடர்ந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிண்டில் பக்கத்தில் காணும் வெளியீட்டுத் தேதி, நாவல் முதலில் வந்த தேதியாக இருக்க வேண்டும் என்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் அச்சில் வந்த நாவல்கள் இப்போது மின்னூலாக ஏற்றப்படுகின்றன. அவையும் படிக்க வேண்டியவையே, ஆனால் புதியவை அல்ல. மாதிரிப் பக்கங்களை இறக்கி முன்னுரையைப் படித்தால் விடை கிடைத்துவிடும்.

நான்காம் படி: அச்சுப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள்

கடையில் புது அட்டையோடு இருப்பதெல்லாம் புது நாவல் அல்ல. குடும்ப நாவல்கள் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் புதிய அட்டைப்படத்தோடு மறுபதிப்பாகின்றன. அட்டையைத் திருப்பி, உள்தலைப்புக்குப் பின்னால் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். நூலின் பெயர், வகை, ஆசிரியர், உரிமை, பக்கங்கள், விலை, அச்சகம் என்று சிறிய எழுத்தில் வரிசையாக இருக்கும். அதில் ‘முதல் பதிப்பு: டிசம்பர் 2024’ என்று ஒரே வரி இருந்தால் புதியது. ‘முதல் பதிப்பு: 1998, ஆறாம் பதிப்பு: 2024’ என்று இருந்தால் பழைய நாவல். ‘இப்பதிப்பு’ என்று ஓர் ஆண்டு மட்டும் இருந்தால் கடைக்காரரிடமே கேளுங்கள். பல ஆண்டுகளாக இதே துறையில் இருக்கும் கடைக்காரர், எந்த இதழில் அது தொடராக வந்தது என்பது வரை சொல்வார்.

இந்தப் பக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. முதல் பதிப்பின் மாதங்களைப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு பதிப்பகத்தின் பழக்கம் பிடிபடும். இலக்கியப் பதிப்பகங்களின் புத்தகங்களில் டிசம்பர், ஜனவரி என்ற மாதப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். எல்லாம் சென்னைப் புத்தகக் காட்சியைக் கணக்கில் வைத்து அச்சானவை.

குடும்ப நாவல்களுக்கு வாடகை நூல்நிலையத்தைவிட நல்ல இடம் இல்லை. சென்னை கோபாலபுரத்தில் 1955 முதல் இயங்கும் ஈஸ்வரி வாடகை நூல்நிலையம் போன்றவை தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்கு நாவல் கொடுத்து வருகின்றன. உங்கள் ஊரில் ஒன்று மிச்சமிருந்தால் உடனே உறுப்பினராகிவிடுங்கள். அங்கே கல்லாவில் இருப்பவரிடம் “இந்த மாசம் புதுசா என்ன வந்திருக்கு?” என்று கேட்பதற்கு ஈடான தேடுபொறி எதுவும் இல்லை. எந்தப் புத்தகம் உள்ளே வந்ததும் வெளியே போகிறது, எது அலமாரியிலேயே தங்குகிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

ஐந்தாம் படி: ஆண்டின் பன்னிரண்டு மாதங்களை வரைந்துகொள்ளுங்கள்

ஆண்டை ஜனவரியில் தொடங்காமல் நவம்பரில் தொடங்குங்கள். அறிவிப்புகள் தொடங்கும் மாதம் அது. பதிப்பகங்கள் முகநூலில் அட்டைப்படங்களை ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கும். சில, முன்வெளியீட்டுத் திட்டமும் அறிவிக்கும். முன்பணம் செலுத்தினால் குறைந்த விலையில் முதல் பிரதி வீட்டுக்கு வரும். வாசகரின் முன்பணம் சிறிய பதிப்பகத்துக்கு அச்சுச் செலவாகவே பயன்படுகிறது. நம்பிக்கையுள்ள பதிப்பகம் என்றால் தயங்காமல் சேருங்கள்.

டிசம்பரில் வெளியீட்டு விழாக்கள் வரிசைகட்டும். சாகித்திய அகாதெமி விருது அறிவிப்பும் வழக்கமாக அந்த மாதத்தில்தான். ராஜம் கிருஷ்ணன் 1973-லும், லட்சுமி 1984-லும், திலகவதி 2005-லும், அம்பை 2021-லும் தமிழுக்காக அந்த விருதைப் பெற்றார்கள். ஆனால் புதிய வெளியீடுகளைத் தேடும் வாசகருக்கு இந்த விருது பெரிதாக உதவாது. விதிப்படி அது சில ஆண்டுகளுக்கு முந்தைய நூல்களையே பரிசீலிக்கிறது. அம்பைக்கு 2021-ல் விருது பெற்றுத் தந்த சிறுகதைத் தொகுப்பு 2019-ல் வெளியானது. விருதுப் பட்டியலைப் பார்த்து வாங்குபவர் எப்போதும் சில ஆண்டுகள் பின்னால்தான் இருப்பார்.

ஜனவரி, சென்னைப் புத்தகக் காட்சி. 1977-ல் தொடங்கிய இதைத் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் (பபாசி) நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. தேதி ஆண்டுதோறும் மாறும். 47-ஆவது காட்சி 2024 ஜனவரி 3 அன்று தொடங்கியது, 48-ஆவது காட்சியோ 2024 டிசம்பர் 27 அன்றே தொடங்கிவிட்டது. பொங்கல் விடுமுறையில் போகலாம் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த முறை காட்சியே முடிந்திருந்தது. ஆகவே டிசம்பர் முதல் வாரத்திலேயே தேதியைப் பார்த்துவிடுங்கள்.

காட்சிக்கு இரண்டு முறை போக முடிந்தால் நல்லது. முதல் முறை, தொடங்கிய சில நாட்களில், வேலைநாள் மதியத்தில் போங்கள். கூட்டம் இருக்காது, அரங்கில் இருப்பவர்களிடம் பேசலாம். “இந்த வருஷம் புது நாவல், பெண்கள் எழுதினது எது?” என்று நேராகவே கேளுங்கள். “இன்னும் பைண்டிங்கில் இருக்கிறது, சனிக்கிழமை வரும்” என்ற பதில் கிடைக்கலாம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். காட்சி தொடங்கிப் பல நாள் கழித்து வந்து சேரும் புத்தகங்கள் நிறைய. இரண்டாம் முறை கடைசி வார இறுதியில் போய் அவற்றை வாங்கலாம். வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடி இரண்டு முறையும் உண்டு.

பிப்ரவரி படிக்கும் மாதம். வாங்கியதைப் படியுங்கள், புதிதாக எதையும் தேடாதீர்கள். மார்ச் 8 மகளிர் தினத்தையொட்டி இதழ்கள் பெண் எழுத்தாளர்களின் நேர்காணல்களைப் போடும். அவற்றில் “அடுத்து என்ன எழுதுகிறீர்கள்?” என்ற கேள்விக்கான பதிலை மட்டுமாவது படியுங்கள், அடுத்த ஆண்டின் நாவல் அதில் ஒளிந்திருக்கும். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளில் கடைகளும் பதிப்பகங்களும் தள்ளுபடி தருவார்கள். ஜனவரியில் விட்டுப்போனவற்றை அப்போது வாங்கலாம்.

மே மாதம் மொழிபெயர்ப்புப் பிரியர்களுக்கானது. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட புனைவுக்கான சர்வதேச புக்கர் பரிசு அறிவிக்கப்படுவது அப்போதுதான். 2025-ல் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக் தம் சிறுகதைத் தொகுப்புக்காக அதைப் பெற்றார். தென்னிந்தியப் பெண் ஒருவர் உலக அளவில் கவனம் பெற்றால் அவரது மற்ற நூல்களும் தமிழுக்கு வர வழி பிறக்கும். பரிசு அறிவிப்பைப் படித்ததும் அந்த எழுத்தாளர் பெயரை மொழிபெயர்ப்புப் பட்டியலில் எழுதி வையுங்கள். அக்டோபரில் நோபல் அறிவிப்பு வரும்போதும் இதையே செய்யுங்கள். 2024-ல் அது தென்கொரியாவின் ஹான் காங்குக்குப் போனது.

ஜூலையில் கோவை, ஆகஸ்டில் ஈரோடு என்று வரிசையாகப் புத்தகத் திருவிழாக்கள். ஜனவரியில் பிடிக்க முடியாத சிறிய பதிப்பகங்களை இங்கே நிதானமாகப் பார்க்கலாம். கொழும்பில் செப்டம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் தமிழ் அரங்குகளும் உண்டு. இலங்கைப் பெண்களின் நூல்களில் பல, தமிழ்நாட்டுக் கடைகளுக்கு வருவதே இல்லை. அங்கே யாராவது உறவினர் இருந்தால் இப்போதே பட்டியல் அனுப்பிவிடுங்கள்.

அக்டோபர், நவம்பரில் தீபாவளி மலர்கள். கலைமகளும் அமுதசுரபியும் இன்னும் அந்த மரபை விடவில்லை. கல்கியும் மங்கையர் மலரும் 2020-ல் அச்சிலிருந்து இணையத்துக்குப் போய்விட்டன. மலரில் வரும் குறுநாவலை நிதானமாகப் படியுங்கள். இன்று குறுநாவலாக வருவது, நாளை விரிவான நாவலாகலாம்.

ஆறாம் படி: ஒரு நோட்டுப் புத்தகம், ஐந்து கட்டம்

கைபேசியில் எழுதினாலும் சரி, நோட்டில் எழுதினாலும் சரி, ஒவ்வொரு நாவலுக்கும் ஐந்து விவரங்கள் போதும். தலைப்பு (மாறக்கூடும் என்பதால் பென்சிலில்), எழுத்தாளர், எந்த வழியில் வருகிறது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து எந்த மாதம் பார்க்க வேண்டும். நிலை என்றால் ‘தொடர் ஓடுகிறது’, ‘தொடர் முடிந்தது’, ‘கிண்டிலில் வந்தது’, ‘அட்டை அறிவித்தார்கள்’, ‘அச்சில் வந்தது’ என்று ஒரு சொற்றொடர்.

கடைசிக் கட்டம்தான் உயிர். ஒரு தொடர் செப்டம்பரில் முடிந்திருந்தால் ‘அக்டோபர்: கிண்டில் பார்’ என்று எழுதுங்கள். ஓர் எழுத்தாளர் மார்ச் நேர்காணலில் புதிய நாவல் எழுதுவதாகச் சொன்னால் ‘நவம்பர்: பதிப்பக அறிவிப்பு’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறன்று அந்த மாதப் பெயர் உள்ள வரிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். ஓராண்டு ஓடிவிட்டால், நீங்கள் தேடிக்கொண்டிருந்த அந்த அட்டவணை உங்கள் கையிலேயே இருக்கும்.

வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் பனுவல், காமன்ஃபோக்ஸ் போன்ற இணையக் கடைகளில் ‘புதிய வெளியீடுகள்’ பகுதியை இதே ஞாயிற்றுக்கிழமையில் பார்க்கலாம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத் தேசிய நூலக வாரியத்தின் தமிழ்ப் பிரிவு பெரிய வரம்.

ஏழாம் படி: வந்த மாதத்திலேயே படியுங்கள், இரண்டு வரி எழுதுங்கள்

புதிய நாவலைத் தேடிப் பிடித்துவிட்டு ஓராண்டு அலமாரியில் வைத்துவிட்டால் பாதிப் பயன் போய்விடுகிறது. கிண்டில் அன்லிமிடெட் வழியாகப் படிக்கும்போது, வாசகர் உண்மையில் படித்த பக்கங்களின் கணக்கில்தான் எழுத்தாளருக்குப் பணம் போகிறது. நூலை இரவல் எடுத்து வைத்திருப்பதால் மட்டும் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. அச்சுப் புத்தகமாக இருந்தால், முதல் சில மாத விற்பனையை வைத்துத்தான் அடுத்த நாவலைப் போடுவதா என்று பதிப்பாளர் யோசிக்கிறார்.

படித்ததும் இரண்டு வரி மதிப்புரை எழுதுங்கள். ‘அருமை’, ‘சூப்பர் கதை’ என்பவை எழுத்தாளரை மகிழ்விக்கும், அடுத்த வாசகருக்கு எதையும் சொல்லாது. கதை எந்த ஊரில் நடக்கிறது, நாயகிக்கு என்ன வயது, என்ன வேலை, எந்தச் சிக்கல், முடிவு உங்களுக்கு ஒப்புதலா என்று எழுதினால், தேடி வரும் இன்னொரு பெண் அது தனக்கான நாவலா என்று முடிவு செய்துகொள்வாள். பிடிக்கவில்லை என்றாலும் காரணத்தோடு எழுதுங்கள். வற்புறுத்தலைக் காதலாகக் காட்டும் நாயகனை எத்தனையோ நாவல்களில் பார்த்துவிட்டோம். அது மாற வேண்டுமென்றால் வாசகர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தொடர் எழுதுபவர்கள் கருத்துகளைப் படிக்கிறார்கள், அடுத்த கதையில் அதன் பலன் தெரியும்.

டெலிகிராம் குழுக்களில் சுற்றும் பி.டி.எஃப். கோப்புகளைத் தொடாதீர்கள், பகிராதீர்கள். வீட்டு வேலை முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, நள்ளிரவில் எழுதிய பெண்ணின் மூன்று மாத உழைப்பு, வெளியான மறுநாளே அங்கே இலவசமாக ஓடுகிறது. அதனால் எழுதுவதையே நிறுத்திவிட்டவர்களும் உண்டு. வாங்க வசதி இல்லையென்றால் இலவச நாளுக்குக் காத்திருங்கள், அல்லது உங்கள் ஊர்ப் பொது நூலகரிடம் அந்த நாவலின் பெயர், எழுத்தாளர், பதிப்பகம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாசகர்கள் கேட்கும் புத்தகம் எது என்று தெரிந்தால்தான் அவரும் மேலே எழுதிக் கேட்க முடியும்.